பதின்மூன்று வயது அரசியும் எட்டு மாணவியரும்

மன உறுதி வாய்ந்த இளம்பெண்ணை அறிவியல் புனைகதையின் தலைவியாக்கும் மரபைப் பேசுவோர், 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த மெடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலைத் தவறாது சுட்டுவர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அத்தகைய தலைவி ஒருத்தியை முஸ்லிம் பெண்மணி ஒருவர் படைத்துவிட்டதை நாம் மறத்தலாகாது.

வங்கத்தின் பேகம் ருகையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை, 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான் அச்சேறியது. அக்கதையின் அரசி அரியணை ஏறியபோது அவளுக்கு வயது 13. அவள் பெயரளவில்தான் அரசி. ஆட்சி முதலமைச்சர் கையிலிருந்தது. எனினும், அறிவியலில் நாட்டம் கொண்ட அவள், பெண்கள் யாவரும் கல்வி கற்க ஆணையிட்டாள். 21 வயதுக்கு முன் அவர்களுக்கு மணம் கூடாதென விதித்தாள். மகளிர் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்று வானிலிருந்து நீரை ஈர்த்தது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைத் திரட்டியது. ஆண்கள் எள்ளி நகைத்துப் படைபலத்தையே பெருக்கினர். பகைவர்முன் அப்படை தோற்றபோது, 2000 மாணவியர் அவ்வெப்பத்தைப் பாய்ச்சி நாட்டைக் காத்தனர். அதன்பின் இல்லத்துள் ஒடுங்கியோர் ஆண்களே.

இந்த இறுதித் திருப்பம் அங்கதம். கல்வி குறித்த வேட்கையோ அங்கதமன்று. கணவர் 1909இல் மறைந்தபின், அவர் ஒதுக்கிய பொருளைக்கொண்டு பள்ளி தொடங்கிய ருகையா, 1911இல் கல்கத்தாவில் அதனை 8 சிறுமியருடன் மீண்டும் நிறுவினார். கனவில் ஓர் ஆணை போதுமானதாயிற்று; நனவில் வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்கச் செய்ய வேண்டியிருந்தது. அரசியின் உறுதியினும் ஆசிரியையின் உறுதியே பெரிதென்பது நம் துணிபு.