அரங்கம் அரசாங்கத்துடையது, அணி யாருடையது?

அமெரிக்காவின் மேரிலந்து மாநிலத்தில், அரங்கம் கட்டுவதற்கென்றே ஓர் அரசாங்க அமைப்பு இருக்கிறது: மேரிலந்து விளையாட்டரங்க ஆணையம்.

ஏன் உருவானது?
1984 மார்ச்சில் ஓர் இரவு, பால்டிமோர் நகரின் கோல்ட்ஸ் அமெரிக்கக் காற்பந்து அணி, லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸுக்குப் போயிடுச்சு. ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியும் கிளம்பிட்டா? அந்தப் பயத்தில் 1986இல் ஆணையம் அமைக்கப்பட்டது.

என்ன கட்டியது?
1992இல் கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் அரங்கம். 1998இல் அதன் பக்கத்திலேயே அமெரிக்கக் காற்பந்து அரங்கம். பால்டிமோர் மாநாட்டு மண்டப விரிவாக்கத்திலும் பங்குண்டு.

பணம் எங்கிருந்து?
ஆணையம் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும். மாநில லாட்டரி வருமானத்தில் ஒரு பகுதி அந்தக் கடனை அடைக்கப் போகும்.

சிக்கல் என்ன?
அரங்கம் அரசாங்கத்துடையது; அணி தனியாருடையது. குத்தகை முடியும் நேரத்தில் பழைய பயம் திரும்ப வரும். 2022இல் ஒவ்வோர் அரங்கத்துக்கும் 600 மில்லியன் டாலர்வரை கடன் வாங்கச் சட்டம் அனுமதித்தது. நிபந்தனை: அணி நீண்டகாலக் குத்தகையில் கையெழுத்திடணும்.

அங்கு லாட்டரிச் சீட்டு வாங்குபவரும் அரங்கச் செலவில் பங்கு கொடுக்கிறார். ஆட்டம் பார்க்கணும்னா, அவருக்கும் டிக்கெட் தனிதான்.