மாறுவேடத்தில் வந்த மாத்திரை

மணிமங்கலம் என்றதும் வரலாறு படித்தோர்க்கு வாளோசை நினைவுக்கு வரும். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்று எங்கள் ஊர். பள்ளிப் பிள்ளைகள் அதனைத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் அதே மண்ணிலிருந்து இன்று ஒரகடத்து ஆலைகளுக்கு இரவு ஷிப்டுக்குப் பேருந்தேறும் பெண்ணின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டே, அதை எந்தப் பாடநூல் சொல்கிறது?

இரவு விழிப்பும், ஓயாத கவலையும், அரைவயிற்று உணவும் மாதவிலக்கின் முறையைக் குலைக்க வல்லவை. சிலருக்குக் காரணம் சினைப்பையில் இருக்கிறது. 1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைனும் லெவந்தாலும் விவரித்த கோளாறு அது. மூன்று திங்கள் விலக்காகாத பெண் மருத்துவரிடம் செல்கிறாள். சோதித்துப் பார்த்து அவர் ஹார்மோன் மாத்திரை எழுதித் தருகிறார். வீட்டிலே யாரோ அட்டையைப் படித்துவிடுகிறார்கள். கருத்தடை மாத்திரை! போதாதா? "மணமாகாத பெண்ணுக்கு இதுவா?" என்று ஓலம் எழுகிறது. மருந்து குப்பைக்குப் போகிறது. நோய் அவளிடமே தங்கிவிடுகிறது.

விந்தை என்னவென்றால், இந்த மாத்திரை உலகுக்கு வந்த கதை இதற்கு நேர்மாறானது. இங்கே கருத்தடை என்ற பெயருக்கு அஞ்சி விலக்குக்கான மருந்தை எறிகிறோம். அங்கே விலக்குக்கான மருந்து என்ற பெயரில்தான் கருத்தடையே நுழைந்தது!

மார்கரெட் சாங்கர் அம்மையார் தூண்ட, காதரின் மெக்கார்மிக் அம்மையார் பொருள் தர, கிரிகரி பிங்கஸ் என்ற அறிவியலாளரும் ஜான் ராக் என்ற மருத்துவரும் ஆராய்ச்சியில் இறங்கினர். அவர்கள் வாழ்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கருத்தடைப் பொருள் வழங்குவதே குற்றம். மதம் சட்டப் புத்தகத்திலும் புகுந்திருந்தது. ஆகவே 1954இல் மகப்பேறு வேண்டி வந்த பெண்களிடமே சோதனை தொடங்கியது. 1957இல் அமெரிக்க அரசு எனோவிட் என்ற மாத்திரைக்கு இசைவளித்தது, மாதவிலக்குக் கோளாறுகளுக்காக! உட்கொண்டால் கருத்தரிக்காது என்பது எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. அந்த எச்சரிக்கையே பறையறிவிப்பாயிற்று. திடீரென்று அந்நாட்டுப் பெண்களுக்கெல்லாம் விலக்கு முறைதவறத் தொடங்கியது போலும்; இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அதை உட்கொண்டனர். 1960இல்தான் கருத்தடை மருந்து என்ற உண்மைப் பெயர் அதற்குக் கிடைத்தது.

வென்றது அறிவியல் என்று கைதட்டிவிட்டு நகர முடியவில்லை. 1956இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களுக்கு இதைக் கொடுத்தபோது, கருத்தரிக்காது என்றார்களே தவிர, இது சோதனை என்று சொல்லவில்லை. நூற்றுக்கு 17 பேருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் தலைவலியும் கண்டன என்று அங்கிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே அம்மையார் அறிவித்தார். கேட்பார் இல்லை. அன்றைய மாத்திரையில் புரோஜெஸ்டின் 10 மில்லிகிராம். இன்று நம் அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம். மருந்து வேறு, ஆயினும் அப்பெண்கள் எத்தகைய அளவைச் சுமந்தனர் என்பது விளங்கும்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21இல்தான் ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் வரும் குருதி இயல்பான விலக்கன்று, ஹார்மோன் நின்றதால் வருவது. இந்த இடைவெளியை வைத்தவர்கள் பிங்கசும் ராக்கும். ராக் ஆழ்ந்த கத்தோலிக்கர். இயற்கையை ஒட்டியதாகத் தோன்றினால் திருச்சபை ஏற்கும் என நம்பினார். 1968இல் போப்பாண்டவர் மறுத்துவிட்டார். திருச்சபைக்காகவும் வைத்த இடைவெளி, திருச்சபை மறுத்த பின்னும் அட்டையில் நிற்கிறது!

நம் நாட்டுக்கு வருவோம். 1929இல், மணிமங்கலம் அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. மறு ஆண்டே 'குடிஅரசு' ஏட்டில் பெரியார் கருத்தடைக்கு வாதாடினார். பிறர் உடல்நலத்துக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் அதை வேண்டினர். அவர் பெண்ணின் விடுதலைக்காக வேண்டினார். 1935இல் வார்தாவில் சாங்கர் அம்மையாரைச் சந்தித்த காந்தியார், புலனடக்கமே வழி என்று நின்றார். 1952இல் அரசு குடும்பக்கட்டுப்பாட்டை மேற்கொண்டது, தலைகளை எண்ணுவதற்காக. அந்தக் கணக்கில், பிள்ளை பெற்று முடித்தவளுக்கு அறுவை இருந்தது. மணமாகாதவளின் முறைதவறிய விலக்குக்கு இடமில்லை.

அமெரிக்கப் பெண்கள் 1970இல் செனட் விசாரணைக் கூடத்திலேயே எழுந்து குரல் கொடுத்தனர். இரத்தம் உறையும் ஆபத்தை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டனர். அதன் பிறகே, உண்பவள் படிப்பதற்கென்று ஒரு விளக்கத்தாள் மாத்திரையோடு வந்தது. இரத்த அழுத்தம் மிகுந்தவரும், முன்பு இரத்தம் உறைந்தவரும், பார்வை மங்கும் ஒற்றைத் தலைவலி உடையவரும் இதைத் தவிர்க்க வேண்டும் என்பதை இன்று எவரும் படிக்கலாம்.

இங்கோ, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளின் பெண்கள் ஏறத்தாழ நூறு பேரைக் கண்டு பேசினர். விலக்கு நாளில் வேலை நிற்காதிருக்க, கண்காணிப்பாளர்கள் அவர்களுக்கு வலிமாத்திரை கொடுத்துவந்தார்கள். அதன் உறையில் பெயரும் இல்லை, காலாவதி நாளும் இல்லை.