காய்ச்சலும் பாய்ச்சலும்

1990ஆம் ஆண்டில் வாஷிங்டனின் உலக வள நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, புவியைச் சூடேற்றும் வாயுக்களை அதிகம் வெளியிடும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவை ஐந்தாம் இடத்தில் வைத்தது. கார்களும் ஆலைகளும் மட்டுமல்ல, நெல்வயல்களும் மாடுகளும் வெளியிடும் மீத்தேனும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டே தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறுநூலில் மறுப்பு எழுதினர். உண்பதற்காக நெல் விளைவிப்பவரின் வயலையும் வீட்டுக்கு வீடு கார் ஓட்டும் சமூகத்தின் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். பிழைப்புக்கான உமிழ்வு, சொகுசுக்கான உமிழ்வு என்னும் பாகுபாடு அந்த விவாதத்தில்தான் வலுப்பெற்றது.

நெல்வயல் குற்றவாளிக் கூண்டில் ஏறியது எப்படி என்று அறியச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரைச் சதுப்பைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்தார் வோல்ட்டா. பின்னாளில் மின்கலம் கண்ட அதே வோல்ட்டாதான். அந்த வாயு எரிந்தது. சதுப்பில் நடப்பதே நீர் கட்டிய வயலிலும் நடக்கிறது. நீர் மூடியதும் மண்ணுக்குள் காற்று புகுவது தடைபடுகிறது. காற்று வேண்டாத நுண்ணுயிர்கள், மக்கும் தாளையும் தழையையும் மீத்தேனாக மாற்றுகின்றன. அதில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. வேருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் நெற்பயிரின் உள்துளைகள் வழியாகவே, புகைபோக்கியில் புகை போவதுபோல் மேலேறுகிறது.

பயிர்மேல் பெட்டி கவிழ்த்து இதை அளக்கும் வேலை 1980களில்தான் சூடுபிடித்தது. அதுவும் கலிபோர்னியாவில், ஸ்பெயினில், இத்தாலியில். அந்த அளவுகளை இந்திய நெற்பரப்புக்கு நீட்டி, ஆண்டுக்குச் சுமார் 378 லட்சம் டன் மீத்தேன் என்று கணக்குச் சொன்னது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991இல் நாட்டின் பல பகுதிகளில் நேரடியாக அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! காரணம் எளியது. நம் நெற்பரப்பில் பெரும்பகுதி அன்று வானம் பார்த்த பூமி. நீர் வரும், வற்றும், மறுபடி வரும். மேட்டு நெல்லில் நீர் நிற்பதே இல்லை. ஒரு நாட்டின்மேல் குற்றம் சாட்டும் எண்ணை, அந்நாட்டு மண்ணில் அளக்காமலே சொல்ல முடிந்திருக்கிறது என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது.

இந்த வெற்றியோடு கதையை முடித்துக்கொள்வது நம்மவர் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 40 லட்சம் டன்னும் சிறிய எண் அன்று. காவிரிப் படுகை போன்ற பாசன நிலங்களில் நீர் வாரக்கணக்கில் நிற்கத்தான் செய்கிறது. அதைக் குறைக்கும் வழியை நம் உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். கட்டிய நீரை வற்றவிட்டு, மண் லேசாகக் காய்ந்தபின் மறுபடி பாய்ச்சுவது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்று துளையிட்ட ஒரு குழாயைப் பரப்பியது. வயலில் புதைத்த குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்வரை காத்திருக்கலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையக்கூடாது. இப்படிப் பலமுறை வற்றவிட்டால் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 1983இல் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே கண்டு, நம்மிடம் ஒற்றை நாற்று நடவாக வந்த முறையிலும் இந்தக் காய்ச்சல் உண்டு.

புழுதியைக் கால் பங்காகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவது நினைவுக்கு வருகிறது. காய்ந்த மண் நனையும்போது அதனுள் கிடக்கும் தழைச்சத்து விடுபடுவதை இன்றைய மண்ணியலும் சொல்கிறது. வள்ளுவர் புவி வெப்பத்தை அறிந்திருந்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

சிக்கல் அந்த எருவில்தான் தொடங்குகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியை 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காட்டினார்; 1913இல் ஜெர்மனியில் ஆலை எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 நெல்லும் மூட்டை உரமும் சேர்ந்தே வயலுக்கு வந்தன. யூரியா இட்ட வயல் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அழிந்துவிடும். இதுவோ நூறாண்டுக்குமேல் தங்கும். எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு வலியது. தென்னிந்திய வயல்களில் அளந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மிகையாகக் காயவிட்ட இடங்களில் இவ்வாயு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு எழுந்ததைக் காட்டியது. ஆக, நீரை மட்டும் திருத்திப் பயனில்லை. மிதமாகக் காயவிட வேண்டும். இலை வண்ண அட்டையைப் பார்த்து உரத்தைப் பிரித்து இட வேண்டும். யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கைக் கலப்பது இங்கே பழகிய முறைதான். 2015இல் மைய அரசு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனை 2030க்குள் 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. 1991இன் வாதம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கடைமடை விவசாயி வயலைக் காயவிடாததற்குக் காரணம் அந்த வாதம் அன்று. நீர் நின்றால் களை அடங்கும். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. வயல்விட்டு வயல் பாயும் நீரில் அவர் ஒருவர் மட்டும் மடையை அடைக்கவும் இயலாது. இன்று வடித்துவிட்டால் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வருமென்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அந்த நாளை முன்கூட்டிச் சொல்லி, அந்த நாளில் மதகைத் திறக்கட்டும். குழாய் புதைப்பதைப் பற்றி அவரிடம் பிறகு பேசலாம்.