கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள்

மனித உடலில் குருதி ஓடும் வழிகளை ஆராய்ந்தவர்களின் வரலாற்றில், கண்ணால் காண இயலாததைக் கருத்தால் கண்ட ஒருவருக்குத் தனியிடம் உண்டு. டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவப் பேரறிஞர் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்களே அவர்.

இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாகக் குருதி வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்கிறது என்பது, கிரேக்க மருத்துவர் காலன் காலந்தொட்டு ஆயிரம் ஆண்டுகளாக நிலவிய கொள்கை. இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் விரிவுரை எழுதிய இப்னு நஃபீஸ், அச்சுவரில் துளையே இல்லை என்று மறுத்தார். குருதி நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, இதயத்தின் இடப்புறம் திரும்புகிறது என்றார். நுரையீரலின் தமனிக்கும் சிரைக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருத்தல் வேண்டும் என்றும் உரைத்தார்.

அவ்வழிகளைக் காட்டும் கருவி அன்று இல்லை. குருதி உடல் முழுவதும் சுற்றி வருவதை இங்கிலாந்தின் ஹார்வி 1628-இல் நிறுவினார். இத்தாலியின் மால்பிகி 1661-இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டார். ஓர் அறிஞர் ஊகித்ததை மற்றொருவர் காண நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குருதிக் குழாய்கள் பிறவியில் அமைந்தவை மட்டுமல்ல, புதிதாகவும் முளைப்பவை. கருவில் குழந்தை வளரும்போதும், புண் ஆறும்போதும் அவை தோன்றுகின்றன. புற்றுக்கட்டியும் தன் பிழைப்புக்காக அவற்றை வரவழைத்துக்கொள்கிறது. புதுக்குழாய்கள் இன்றேல் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எடுத்துரைத்தார். அரசலாற்றுப் பாசனத்தை அறிந்த நம் பகுதி மக்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊருக்குரிய வாய்க்காலின் கரையை இரவோடிரவாக உடைத்து, தன் வயலுக்கு மட்டும் நீரைத் திருப்புகிறவனின் செயலே அது. அக்கள்ள வாய்க்காலை நோயாளியின் உடலைக் கீறாமல் காண்பது எப்படி?

அதற்கொரு வழியை ஒலி தந்தது. காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த 1880-ஆம் ஆண்டில், பாரிஸில் கியூரி சகோதரர்களான ழாக்கும் பியேரும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். முதல் உலகப் போரின்போது பால் லாஞ்சவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டே கேளா ஒலியைக் கடலுக்குள் செலுத்தி, நீர்மூழ்கிக் கப்பல்களின் எதிரொலியைத் தேடினார். அதே கேளா ஒலியால் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் படமாக்கிய செய்தியை 1958-இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர். தலத்தெரு போன்ற ஊர்களிலும் இன்று தாய்மார்களுக்கு 'ஸ்கேன்' புதிய சொல்லன்று.

ஆயினும் குருதியணுக்களின் எதிரொலி மிக மெல்லியது. நுண்குழாய்கள் படத்தில் தெளிவாய்த் துலங்குவதில்லை. 1968-இல் கிராமியாக், ஷா என்னும் இரு மருத்துவர்கள், இதயத்தினுள் மருந்துநீரைச் செலுத்துகையில் வலுவான எதிரொலி எழக் கண்டனர். அந்நீரிலிருந்த சிறு குமிழிகளே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. வாயு நிரம்பிய குமிழி, ஒலியலை பட்டதும் சுருங்கி விரிந்து தானே ஓசையெழுப்புகிறது. கொழுப்பு அல்லது புரத உறையிட்டு இன்று செய்யப்படும் நுண்குமிழி, சில மைக்ரோமீட்டர் அளவே உடையது. செங்குருதியணு செல்லும் வழியெல்லாம் அதுவும் செல்லும்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. புதுக்குழாய்களின் உட்சுவரில் மிகுதியாகத் தோன்றும் சில புரதங்களைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைக் குமிழியின் உறையில் பதிக்கின்றனர். வரப்பில் நடப்பவரின் வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுவதுபோல், குமிழி அங்கே ஒட்டிக்கொள்கிறது. சில நிமிடங்களில் ஒட்டாத குமிழிகள் பெரும்பாலும் அகல, ஒட்டியவை படத்தில் ஒளிர்கின்றன. 2003-இல் விலங்குகளிடம் இம்முறையைச் சோதித்த ஆய்வுகள் வெளிவந்தன. மார்பகத்திலும் சூலகத்திலும் கட்டியுடைய 45 பெண்களிடம் நடத்திய முதற்சோதனையின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. சாதாரணக் குமிழிகள் இதயத்தையும் கல்லீரலையும் காண மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. இலக்கு நோக்கிச் செல்லும் குமிழிகளோ இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

இந்நீண்ட வரலாற்றில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இப்னு நஃபீஸின் விரிவுரை ஏட்டை எகிப்திய மருத்துவர் முஹ்யுத்தீன் அத்ததாவி பெர்லின் நூலகத்தில் கண்டு, 1924-இல் ஆய்வேடு எழுதினார். அதன் பின்னரே அப்பேரறிஞரின் பெருமையை உலகம் பரவலாக உணர்ந்தது. முன்னோர் அன்றே சொன்னார் என்று மேடையில் முழங்குவது எளிது. அவர் சொன்னதைப் படித்து, சோதித்து, அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதன்றோ கடமை! நம் இல்லத்துப் பெட்டகங்களில் அரபுத்தமிழ் ஏடுகள் எவையேனும் இருக்குமாயின், கறையான் தின்னுமுன் அவற்றைத் திறந்து, படிக்க வல்லாரிடம் காட்டுவோம். நம் பிள்ளைகளையும், ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், ஆய்வுக்கூடத்து வாயில்வரை அனுப்பி வைப்போம்.