ஆற்றுப்படுத்தல்

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளசமூகப் பணியாளரிடையே புழங்கும் சொல். தமிழ்நாட்டில் ‘மனநல ஆலோசனை’ என்பார்கள்.

ஆறு என்றால் வழி. வழியில் சேர்ப்பது ஆற்றுப்படுத்தல். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து இவ்வகை. அதே வழி நடந்து வந்தவனே அங்கே வழி சொல்கிறான். இச்சொல்லில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

சுடுதேத்தண்ணியை ஆற்றுவதும் துயரை ஆற்றுவதும் இந்த ‘ஆறு’ அல்ல, வேறு வேர். ஆனாலும் கேட்பவர் காதில் வழியும் ஆறுதலும் சேர்ந்தே விழுகின்றன.

வன்னியில் இடம்பெயர்ந்தோரை ஆராய்ந்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட கட்டுரை, போரின் காயம் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கியதைக் காட்டியது. அங்கே, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாயின் பக்கத்தில், தானும் பிள்ளையைத் தேடும் இன்னொரு தாய் பாயில் வந்து அமர்கிறாள். ‘ஆலோசனை’ என்ற சொல்லுக்குள் அவள் அடங்கமாட்டாள்.