பாண்டி பஜார் நடைபாதை வளாகம்

சென்னை தியாகராய நகரின் தியாகராயர் சாலையில், நடந்து செல்வோருக்கு முன்னுரிமை தந்து மாற்றியமைக்கப்பட்ட கடைவீதியே பாண்டி பஜார் நடைபாதை வளாகம் ஆகும். இது 2019 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. கடைவீதி ஒன்றில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதற்கு இதன் வரலாறு நல்ல சான்று.

தோற்றம்

1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும் சாலைக்கும் சூட்டப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரில் பூங்கா அமைந்தது. சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் நினைவாக இக்கடைவீதிக்குச் ‘சௌந்தரபாண்டியனார் அங்காடி’ என்ற பெயரும் உண்டு. அப்பெயரின் சுருக்கமே பாண்டி பஜார் என்பர்.

நெரிசலின் காலம்

குடியிருப்பாகத் திட்டமிடப்பட்ட இப்பகுதி, காலப்போக்கில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த பெரும் வணிக மையமாயிற்று. நடைபாதையில் சிறு வியாபாரிகள் கடை விரித்தனர்; சாலையோரத்தைக் கார்களும் இருசக்கர வாகனங்களும் பிடித்துக்கொண்டன. நடப்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே சாலையில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

நடைபாதைக் கடைகள் தொடர்பான நீண்ட வழக்குகளுக்குப் பின், 2013இல் வியாபாரிகள் அதே சாலையில் கட்டப்பட்ட அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. கடைகள் அகன்றதால் மட்டும் நெரிசல் தீர்ந்துவிடவில்லை; வாகனங்கள் அங்கேயே நின்றன.

மாற்றம்

2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. பின்னர் சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் தியாகராயர் சாலையை மாற்றும் பணி தொடங்கியது. முழுப் பணிக்கு முன்பு, தற்காலிகத் தடுப்புகள் வைத்து வெள்ளோட்டமும் பார்க்கப்பட்டது.

பனகல் பூங்கா முதல் அண்ணா சாலை வரையிலான இச்சாலையில் வாகனப் பகுதி குறுக்கப்பட்டு, நடைபாதை அகலமாக்கப்பட்டது. இருக்கைகளும் விளக்குகளும் சிறுவர் விளையாட்டுச் சாதனங்களும் வைக்கப்பட்டன. வண்டிகளை நிறுத்தத் தணிகாசலம் சாலையருகே பல அடுக்கு வாகன நிறுத்தகம் கட்டப்பட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1962இல் ஸ்ட்ரோயே கடைவீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. பாண்டி பஜாரில் அவ்வாறு மூடவில்லை. வாகனங்களின் பங்கு குறைக்கப்பட்டது. பேருந்தும் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டியும் தேவைப்படும் சாலைக்கு இதுவே பொருத்தமான வழி.

திருப்பூருக்கான பாடம்

சீர்மிகு நகரத் திட்டத்துக்கு 2016இல் சென்னையும் 2017இல் திருப்பூரும் தேர்வாயின. திருப்பூரும் வணிகத்தால் நெரிசல் கண்ட நகரமே. இரயில் நிலையத்தையொட்டிய குமரன் சாலையிலும் பின்னலாடை விற்பனைக்குப் பெயர்பெற்ற காதர்பேட்டையிலும் சரக்கு வண்டிகளுக்கிடையே மக்கள் நடக்கின்றனர். 1932 சனவரி 10 அன்று ஊர்வலத்தில் கொடியேந்தி நடந்து, தடியடிபட்டு மறுநாள் உயிர்நீத்த குமரனின் பெயரையே அச்சாலை தாங்கியுள்ளது.

ஆனால் இரு ஊர்களிலும் நடப்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். பாண்டி பஜாரில் நடப்பவர்களில் பெரும்பாலோர் பொருள் வாங்க வருவோர். திருப்பூரில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும், பிழைப்பு தேடி இரயிலில் வந்திறங்கும் வெளிமாநிலத்தவரும் நடக்கின்றனர். அவர்களுக்கு அலங்கார இருக்கைகளைவிட, தடையில்லாத நடைபாதையும் இரவு வெளிச்சமும் சாலையைக் கடக்கப் பாதுகாப்பான இடமும் முதலில் வேண்டும். அவர்களுக்குத் தேநீரும் உணவும் தரும் தள்ளுவண்டிக்காரருக்கும் திட்டத்தில் தொடக்கத்திலேயே இடம் குறிக்கப்பட வேண்டும். பாண்டி பஜாரில் வியாபாரிகள் முதலில் அகற்றப்பட்டனர், நடைபாதை பிறகே அகலமாயிற்று. அந்த வரிசையைத் திருப்பூர் பின்பற்ற வேண்டியதில்லை.