சுண்டலும் பீட்டரின் முயலும்

புனேவில் பிள்ளையார் சதுர்த்தி வந்தால் பத்து நாளும் டோல் சத்தம்தான். பதினாலு வருஷத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. எங்க வீட்டு சுண்டலுக்குத்தான் இன்னும் பழகவில்லை. சுண்டல் என்றதும் தேங்காய் துருவிப் போட்டதை நினைக்காதீங்க. ஒரு சதுர்த்தி முடிந்த மறுநாள், அபார்ட்மெண்ட் ஜெனரேட்டருக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய்க் குட்டி அது. பேர் வைத்தது என் பொண்ணு.

டோல் அடித்தால் கட்டிலுக்கு அடியில். குக்கர் விசில் அடித்தால் பாத்ரூமில். ஒருநாள் நான் ஆபீஸ் டென்ஷனில் இருந்தபோது, வெளியே வெடித்த பட்டாசுக்குப் பயந்து ஹாலிலேயே மூத்திரம் போய்விட்டது. கையிலிருந்த பேப்பரைச் சுருட்டி ரெண்டு போட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மறுநாளிலிருந்து காலையில் பேப்பர் வந்து விழுகிற சத்தத்துக்கும் சுண்டல் கட்டிலுக்கு அடியில்.

நாய் பழக்குகிறவர் ஒருவரைக் கூப்பிட்டோம். கழுத்தை இறுக்குகிற சங்கிலி ஒன்று வாங்கச் சொன்னார். "நீங்கதான் பாஸ்னு அதுக்குத் தெரியணும் சார்." அவர் போனதும் தங்கமணி சொன்னாள்: "அடியாத மாடு படியாதுன்னு எங்க தாத்தாவும் சொல்வார். மாடு படிஞ்சுது. பேரப்பிள்ளைங்க ஒருத்தரும் அவர் கிட்ட போகமாட்டோம்."

அதற்கப்புறம்தான் இந்த 'பாஸ்' சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். சுவாரசியமான கதை.

1910ல் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியர் நாய் பழக்குவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். போலீஸ் நாய்களைப் பழக்கியவர். கழுத்துப்பட்டையைச் சுண்டி இழு, தேவைப்பட்டால் அடி, பணிந்தால் தட்டிக்கொடு. இதுதான் சாராம்சம். போலீஸிலும் பட்டாளத்திலும் பிறந்த முறை, மெல்ல நம்ம வீட்டு ஹாலுக்கும் வந்துவிட்டது.

1947ல் ருடால்ஃப் ஷெங்கெல், சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்குச் சண்டை போடுவதை எழுதினார். நாயும் ஓநாய் வம்சம்தானே, அப்போ நாமதான் தலைவனாக இருக்கணும் என்று பயிற்சியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு ரூமைப் பார்த்துவிட்டு, தமிழ்க் குடும்பம் இப்படித்தான் என்று எழுதுகிற மாதிரி! இந்தத் 'தலைவன்' கருத்தை 1970ல் தன் புத்தகத்தில் பரப்பிய டேவிட் மீச் என்பவரே, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல வருஷம் கவனித்துவிட்டு 1999ல் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான்.

சரி, சுண்டலின் பிரச்னை பணிவே இல்லையே, பயம்தானே? அதற்கு வேறொரு சரித்திரம் இருக்கிறது.

1920ல் அமெரிக்காவில் வாட்சன், ரெய்னர் என்ற இருவர், ஒரு வயதுகூட ஆகாத ஆல்பர்ட் என்ற குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டி, பின்னாலிருந்து இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைக்குள் எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார்கள். பேப்பரைச் சுருட்டி நான் செய்ததும் இதேதான்.

1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்களை நீந்த வைத்துத்தான் காப்பாற்றினார்கள். வெள்ளம் வடிந்தபின் சில நாய்கள் பழகியதையெல்லாம் மறந்திருந்தன. ஒரு நாய் தேறி வந்த பிறகும், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் பழைய பீதி திரும்பியது. அடங்காத நாய் இல்லை, பயந்த நாய்.

அதே 1924ல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனுக்கு முயலைக் கண்டால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டில் முயலை எட்டத்தில் வைத்தார். சாப்பாடு தொந்தரவில்லாமல் இறங்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். நடுவில் பீட்டருக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று பாய்ந்து பயமுறுத்த, எல்லாம் பழையபடி ஆனது. மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். இன்று பயந்த நாய்களுக்கு மிருக வைத்தியர்கள் சொல்கிற முறைக்கு வேர் இந்த முயல்தான்.

நாங்களும் அதையே செய்தோம். மொபைலில் டோல் சத்தம், காதுக்குக் கேட்டும் கேட்காத அளவில் பத்து செகண்ட். சத்தம் வந்த பிறகே வேக வைத்த சிக்கன் துண்டு. நிறுத்தினால் சிக்கனும் நிற்கும். சுண்டல் சாப்பிட மறுத்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைக்கணும். பேப்பரை ஹாலின் மறுகோடியில் வைத்து, வாரத்துக்கு ஒரு டைல்ஸ் அளவு கிட்டே நகர்த்தினோம்.

நாட்டியத்துக்காக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல், நியமன எம்.பி.யாக ராஜ்யசபாவில் தனி மசோதா கொண்டுவந்து போராடியதில் பிறந்ததுதான் 1960ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அடித்து வேதனை கொடுப்பது அதில் குற்றம். முதல் தடவைக்கு பத்து முதல் ஐம்பது ரூபாய் அபராதம் என்று 1982 திருத்தத்தில் எழுதினார்கள். எனக்குச் சிக்கன் செலவே அதைவிட எத்தனையோ மடங்கு ஆகிவிட்டது :-)

போன சதுர்த்திக்கு டோல் தெருமுனைக்கு வந்தபோது, சுண்டல் கட்டிலிலிருந்து வெளியே வந்து, ஹால் வாசல் வரை நின்று, துண்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது. அவ்வளவுதான். போன வருஷம் தலையைக்கூட நீட்டவில்லை.

காலையில் நான் பேப்பர் படிக்கும்போது இப்போ பக்கத்தில் வந்து படுக்கிறது. ஆனால் படித்து முடித்து மடிக்கும்போது மட்டும், இன்னமும் ஒரு தடவை என் கையைப் பார்க்கும். அதனால் நான் பேப்பரை மடிப்பதில்லை. விரித்தபடியே வைத்துவிட்டு எழுந்திருப்பேன். வீடு குப்பையாகுது என்று தங்கமணி திட்டுவதில்லை.